வீதியோரக் களைக்கட்டுப்பாடும் தெளிகருவியின் அளவுதிருத்தமும்

(ரிவர்ஸ்டன் வீதியை அடுத்துள்ள நெற்செய்கையாளருக்கும் மரக்கறிச் செய்கையாளருக்கும் உரிய பாடம்)

முகவுரை

மாத்தளை மாவட்டத்தில் ரத்தோட்டையிலிருந்து மேலேறும் வீதி, ரிவர்ஸ்டன் மலைக் கணவாயைக் கடந்து, பிட்டவல பத்தனைப் புற்றரையையும் இலுக்கும்புரவையும் தாண்டி, லக்கல – பல்லேகம பகுதிக்கு இறங்குகின்றது. இவ்வீதியின் ஓரங்களில் கினிப்புல், உண்ணிச்செடி முதலிய களைகள் மழைக்காலத்தில் ஆளுயரத்துக்கு வளர்கின்றன. இவை வளைவுகளை மறைத்து வாகனம் செலுத்துவோருக்கு இடையூறு செய்கின்றன, வடிகான்களை அடைத்து வெள்ளத்தைத் தோட்டங்களுக்குள் திருப்புகின்றன, எலிகளுக்குப் புகலிடமாகின்றன. இவற்றின் விதைகள் காற்றாலும் நீராலும் வயலுக்கும் பாத்திக்கும் வந்து சேர்கின்றன. ஆதலால் வீதியை அடுத்துக் காணி வைத்திருப்போர் இக்களைகளை அடக்க விரும்புவது இயல்பே.

எனினும் வீதியோரத்தில் விழும் மருந்து வீதியோரத்திலேயே நிற்பதில்லை. ஒரு மழை பெய்தால் அது வடிகானுக்கும், வடிகானிலிருந்து கீழுள்ள வயலுக்கும் இறங்கும். மலையின் மேற்குப் பக்கத்து நீர் சுது கங்கைக்கும், கிழக்குப் பக்கத்து நீர் தெல்கமு ஓயாவுக்கும் வடிகின்றது. இரண்டும் ஈற்றில் அம்பன் கங்கையைச் சேர்வன. அம்பன் கங்கை நீரை நம்பிப் பொலன்னறுவை வயல்களும் விளைகின்றன. எனவே இங்கு ஒருவர் மிகையாகத் தெளிக்கும் ஒவ்வொரு துளியும் வேறொருவரின் நீரில் இடப்படுவதாகும்.

“போத்தலிற் குறித்தபடியே மருந்து கலந்தேன், மிகை எங்ஙனம் நேரும்?” எனச் செய்கையாளர் பலர் கேட்பதுண்டு. போத்தலிலுள்ள சிட்டை ஏக்கருக்கு இவ்வளவு என்று மட்டுமே கூறும். உங்கள் கருவி நிமிடத்துக்கு எவ்வளவு நீரைக் கக்குகின்றது, உங்கள் கால்கள் நிமிடத்துக்கு எவ்வளவு தூரம் நடக்கின்றன என்பன அச்சிட்டைக்குத் தெரியா. அவற்றை நீங்களே அளந்தறிதல் வேண்டும். அங்ஙனம் அளந்தறிவதே அளவுதிருத்தம் எனப்படும். அதற்கு வேண்டிய பொருள்கள் ஓர் அளவுச் சாடி, ஓர் அளவு நாடா, ஒரு கடிகாரம், சுத்தமான நீர் ஆகியவையே. காலமும் ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படாது.

1. தெளிக்கத்தக்க இடமும் தகாத இடமும்

கருவியை எடுக்குமுன் இடத்தை ஆராய்தல் வேண்டும்.

(அ) இவ்வீதியின் மேற்பகுதி நக்கிள்ஸ் பாதுகாப்பு வனத்தைச் சார்ந்து செல்கின்றது. அவ்வனம் 2010ஆம் ஆண்டில் இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தொகுதியின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. வன எல்லைக்குள்ளும் அதன் ஓரத்திலும் செய்கையாளர் எவரும் தாமாகக் களைநாசினி தெளித்தலாகாது. நக்கிள்ஸ் மலைகளையன்றி உலகில் வேறெங்கும் காணப்படாத தவளையினமும் இங்குள்ள ஈரப் பாறைகளில் வாழ்கின்றது. களைநாசினியுடன் சேர்க்கப்படும் சில ஒட்டுத் திரவங்கள் தவளைக்கும் மீனுக்கும் பெருந்தீங்கு செய்வன.

(ஆ) பொது வீதியின் ஒதுக்கு நிலம் உங்கள் காணியன்று. அங்கு வேலை செய்வதற்கு வீதிக்குப் பொறுப்பான அலுவலகத்தின் அல்லது பிரதேச சபையின் சம்மதத்தை முன்னரே பெறுக.

(இ) செங்குத்தான மண்சரிவில் நிற்கும் புல்லை வேரோடு கொல்லற்க. அதன் வேர்களே மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. புல் பட்டுப்போன சரிவு அடுத்த பெருமழையில் வீதிமேல் இறங்கும். அத்தகைய இடத்தில் கத்தியால் அல்லது புல்வெட்டும் இயந்திரத்தால் நாலு அங்குல உயரம் விட்டு வெட்டுதலே தகும்.

(ஈ) வடிகானுக்குள்ளும், கிணறு, ஓடை, வாய்க்கால் ஆகியவற்றிலிருந்து 10 மீற்றர் தூரத்துக்குள்ளும் தெளித்தலாகாது. சிட்டை அதனினும் கூடிய தூரத்தைக் கூறுமாயின் அதனையே பின்பற்றுக. வடிகானை மண்வெட்டியாற் சுத்தஞ் செய்க.

இவை யாவும் நீங்கிய பின், காணி எல்லையை அடுத்துச் சமதரையாயுள்ள ஒரு மீற்றர் அகலப் பட்டையே பெரும்பாலும் எஞ்சும். இப்பாடம் அந்தப் பட்டைக்கே உரியது.

மருந்தைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டவற்றையே வாங்குதல் வேண்டும். பரகுவாற்று 2008 தொடக்கம் படிப்படியாக நம் நாட்டிலிருந்து விலக்கப்பட்டது. கிளைபொசேற்று 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதிக்கப்பட்டு, 2022இல் அத்தடை நீக்கப்பட்டது. விதிகள் இங்ஙனம் மாறி வந்திருப்பதால், வீட்டு மூலையிற் கிடக்கும் பழைய போத்தலை நம்பித் தெளிக்கற்க. உங்கள் கமநல சேவை நிலையத்தில் விசாரித்து, நடப்பிலுள்ள சிட்டையைப் படித்தபின்னரே தெளிக்க.

2. கருவியைப் பேணுதல்

தோளிற் சுமக்கும் தெளிகருவியின் உறுப்புகளாவன: தாங்கி, மூடி, வடி, நெம்புகோல், பம்பி, அமுக்க அறை, குழாய், திறவுவில்லை, தெளிதண்டு, நொசில் என்பன. ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும், நீண்டகாலம் பயன்படுத்தாதிருந்து எடுக்கும்போதும், தாங்கியிற் சுத்தமான நீரை அரைவாசிக்கு விட்டுப் பம்பி பார்க்க வேண்டும்.

மூடி: கருவியைச் சற்றே சரிக்கும்போது மூடியின் ஓரத்தால் நீர் கசிந்தால் அதன் வொஷர் பழுதடைந்துள்ளது. இக்கசிவு நேரே முதுகில் இறங்கும். புதிய வொஷர் இடாமல் மருந்து ஊற்றலாகாது.

வடி: தாங்கியின் வாயிலுள்ள வடியைக் கழற்றி எறிந்துவிட்டு நீர் நிரப்புவோர் உளர். அங்ஙனம் செய்தால் மணலும் இலைத்துண்டும் உட்சென்று பம்பியையும் நொசிலையும் தேய்க்கும்.

பம்பி: நெம்புகோல் எதிர்ப்பின்றி இலேசாக ஏறியிறங்கினாலும், அமுக்கம் விரைவிற் குறைந்தாலும், உள்ளிருக்கும் வொஷரையோ வால்வையோ மாற்றல் வேண்டும். தோல் வொஷருக்குச் சிறிது எண்ணெய் தடவலாம். இறப்பர் வொஷரை மண்ணெண்ணெயிற் கழுவுதல் கூடாது; அது ஊதிப் பழுதாகும்.

திறவுவில்லை: கையை விட்டதும் நீர் உடனே நிற்றல் வேண்டும். சொட்டுமாயின் உள்ளிருக்கும் சிறு வளையத்தை மாற்றுக. சொட்டும் கருவியுடன் கத்தரிப் பாத்தியைக் கடந்து நடப்பது, பாத்திக்கு மருந்து தெளிப்பதற்கு ஒப்பாகும்.

பட்டி: இரு பட்டிகளும் ஒரே நீளத்தில், முதுகிற் கருவி அசையாதபடி இருத்தல் வேண்டும். சாய்ந்து நிற்கும் கருவி நடையையும் பம்பும் கையையும் ஒருங்கே கெடுக்கும்.

3. நொசில்

கருவியின் மிகச் சிறிய உறுப்பு நொசில். விலையும் மிகச் சிறியது. எனினும் மருந்தின் அளவை முடிவு செய்வது அதுவே.

பூச்சிநாசினிக்குப் பயன்படும் கூம்பு நொசில் நுண்ணிய துளிகளை எழுப்பும். அத்துளிகள் ரிவர்ஸ்டன் காற்றில் எங்கே போய் விழும் என ஒருவராலும் கூறல் இயலாது. களைநாசினிக்குத் தட்டையாக விரியும் விசிறி நொசில் அல்லது தகட்டில் மோதி விரியும் நொசில் உகந்தது. ஒரே பட்டையாகத் தெளிக்கும் வீதியோர வேலைக்குப் பின்னையது பொருத்தமானது; குறைந்த அமுக்கத்திற் பெரிய துளிகளைத் தரும்.

நொசிற் துளை நாளடைவில் தேய்ந்து அகலும். இத்தேய்வு கண்ணுக்குப் புலப்படாது. அளந்தால் மட்டுமே தெரியவரும். புதிய நொசில் தரும் அளவினும் நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடுதலாக நீர் வெளியேறுமாயின் அதனை எறிந்துவிட்டு வேறு பொருத்துக.

அடைபட்ட நொசிலைக் கம்பியாலோ ஆணியாலோ குத்தற்க, துளை உருக்குலையும். வாயால் ஊதவும் வேண்டாம். மருந்து உதட்டிற் படும். நீரிற் கழுவி, மென்மையான பல்தூரிகையால் அல்லது காய்ந்த புற்றண்டால் அடைப்பை நீக்குக. அதன்பின் அத்தூரிகை வேறெதற்கும் ஆகாது.

4. மூன்று அளவைகள்

பின்வரும் அளவைகள் யாவும் சுத்தமான நீரைக் கொண்டே செய்யப்படுவன. மருந்து கலத்தலாகாது.

முதலாவது, வெளிப்பாடு. வேலையின்போது பம்புவது போலவே சீராகப் பம்பிக்கொண்டு, நொசிலிலிருந்து ஒரு நிமிடத்தில் வரும் நீரை அளவுச் சாடியிற் பிடிக்க. மூன்று முறை பிடித்துச் சராசரி எடுக்க. உதாரணமாக 1.2 லீற்றர் எனக் கொள்வோம்.

இரண்டாவது, அகலம். காய்ந்த தரையில், நொசிலை நிலத்திலிருந்து 50 சென்ரிமீற்றர் உயரத்திற் பிடித்துச் சில அடிகள் தெளித்து நடக்க. நனைந்த பட்டையின் அகலத்தை நாடாவால் அளக்க. உதாரணமாக 1 மீற்றர் எனக் கொள்வோம். தெளிதண்டை இருபுறமும் ஆட்டுதல் கூடாது. ஆட்டினால் ஓரிடத்தில் இருமடங்கும் மற்றோரிடத்தில் ஒன்றுமின்றியும் போகும்.

மூன்றாவது, நடை. தரையில் 50 மீற்றர் அளந்து இரு முனைகளிலும் தடி நடுக. தாங்கியில் அரைவாசி நீருடன், வேலைக்கு அணியும் சப்பாத்துகளை அணிந்து, பம்பிக்கொண்டே நடக்க. எத்தனை வினாடிகள் சென்றன எனக் குறிக்க. உதாரணமாக 60 வினாடிகள் எனக் கொள்வோம். அதாவது நிமிடத்துக்கு 50 மீற்றர்.

இம்மூன்றையும் அறிந்த பின் கணக்கு எளிது. ஒரு நிமிடத்தில் 50 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் கொண்ட 50 சதுர மீற்றர் நிலத்துக்கு 1.2 லீற்றர் சென்றுள்ளது. ஓர் ஏக்கர் 4,047 சதுர மீற்றர். ஆகவே ஏக்கருக்கு ஏறத்தாழ 97 லீற்றர் தேவை. 16 லீற்றர்த் தாங்கி ஒன்று 667 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறக்குறைய 26 பேர்ச்சுக்குப் போதும். ஏக்கருக்கு ஆறு தாங்கிகள் எனக் கொள்ளலாம்.

கணக்குச் சரியோ என அறிய, தாங்கியில் ஒரு குறிவரை நீர் நிரப்பி அந்த 50 மீற்றரையும் தெளித்து முடிக்க. பின்னர் அளவுச் சாடியால் அதே குறிவரை மீண்டும் நிரப்புக. 1.2 லீற்றர் சென்றால் அளவைகள் சரியானவை.

5. மருந்தின் அளவு

சிட்டை ஏக்கருக்கு 1 லீற்றர் மருந்து எனக் கூறுவதாக உதாரணத்துக்கு வைப்போம். ஆறு தாங்கிகளுக்கு 1,000 மில்லிலீற்றர். ஆகவே ஒரு தாங்கிக்கு ஏறத்தாழ 165 மில்லிலீற்றர். இதனைப் போத்தல் மூடியாலன்றி அளவுச் சாடியாலேயே அளத்தல் வேண்டும். மூடிகள் ஒன்றற்கொன்று பெரியவும் சிறியவுமாக இருக்கும்.

இப்பொழுது நொசில் தேய்ந்துள்ளதாக எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 1.2 லீற்றருக்குப் பதிலாக 1.5 லீற்றர் வெளியேறுகின்றது. செய்கையாளர் வழக்கம்போலத் தாங்கிக்கு 165 மில்லிலீற்றரே கலக்கின்றார். கலவையில் யாதொரு பிழையும் இல்லை. ஆயினும் தாங்கி 667 சதுர மீற்றருக்குப் பதிலாக 533 சதுர மீற்றரிலேயே முடிந்துவிடும். ஏக்கருக்கு 1 லீற்றருக்குப் பதிலாக 1.25 லீற்றர் மருந்து விழுந்திருக்கும். நான்கு போத்தல் வாங்க வேண்டியவர் ஐந்து போத்தல் வாங்கியுள்ளார். ஐந்தாம் போத்தல் களைக்கு வேண்டாதது. வடிகான் வழியே கீழ்வயலுக்குச் செல்வது.

6. ஏற்றமும் இறக்கமும்

சமவெளியில் எழுதப்பட்ட அறிவுரைகள் மலைநாட்டுக்கு முற்றும் பொருந்துவதில்லை. ரிவர்ஸ்டன் வீதியிற் சமதரை மிக அரிது. பன்னிரண்டு லீற்றர் நீரைச் சுமந்து ஏறுபவர் மெதுவாக நடப்பார், இறங்குபவர் விரைவார். பம்பும் கையோ இரு நிலையிலும் ஒரே சீராக இயங்கும்.

மேற்கூறிய கருவியுடன் இறக்கத்தில் நிமிடத்துக்கு 60 மீற்றர் நடந்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 81 லீற்றர் செல்லும். ஏற்றத்தில் 40 மீற்றர் நடந்தால் 121 லீற்றர் செல்லும். ஒரே மனிதர், ஒரே கருவி, ஒரே கலவை. ஆயினும் ஏற்றத்தில் இறக்கத்தினும் ஒன்றரை மடங்கு மருந்து விழுகின்றது.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, 50 மீற்றர் அளவையைச் சமதரையிலன்றி, வேலை செய்யும் அதே சரிவில், தெளிக்கப்போகும் அதே திசையிற் செய்தல். மற்றொன்று, எப்பொழுதும் ஒரே திசையில் மட்டும் தெளித்து, திரும்பி வரும்போது கருவியை மூடிவைத்தல். முடியுமாயின் சரிவைக் குறுக்கே கடந்து நடப்பதே நன்று. காலும் வழுக்காது, நடையும் மாறாது.

7. காற்று, மழை, நீர்

ரிவர்ஸ்டன் கணவாய் காற்றுக்குப் பெயர்போனது. இலைகள் மெல்ல அசையும் இளங்காற்று வேலைக்கு ஏற்றது. சிறு கிளைகள் ஆடத்தொடங்கினால் தெளித்தலை நிறுத்துக. காற்றே இல்லாத விடியற்காலையும் ஏற்றதன்று. அவ்வேளையில் நுண்துளிகள் நிலத்தில் இறங்காது பனிப்புகைபோல் மிதந்து பள்ளத்துத் தோட்டத்தை அடையும். காற்று மரக்கறிப் பாத்தியை நோக்கி வீசுமாயின், எவ்வளவு மெல்லியதாயினும் அன்று தெளிக்க வேண்டாம். போஞ்சியும் தக்காளியும் மிகச் சிறிதளவு களைநாசினியையும் தாங்கமாட்டா.

மழை வரும் அறிகுறி இருப்பின் வேலையை ஒத்திவைக்க. மருந்து இலையில் ஊறுவதற்கு எத்தனை மணித்தியாலம் வேண்டும் எனச் சிட்டையிற் காண்க. வடகீழ்ப் பருவக்காற்று மழைநாட்களிற் கத்தியே களைநாசினியினும் சிறந்தது.

வடிகானில் ஓடும் கலங்கல் நீரைக் கலவைக்கு எடுக்கற்க. கிளைபொசேற்றுப் போன்ற மருந்துகள் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு வலுவிழக்கும். களை சாகாததைக் கண்டு மருந்தின் அளவைக் கூட்டுவோர், நீரைத் தெளிவாக எடுத்திருந்தாற் போதுமென்பதை அறியார்.

8. வேலை முடிந்தபின்

சில போகங்களுக்கு முன் மரக்கறிச் செய்கையாளர் ஒருவர் இதனை எழுதுவோரைத் தம் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். அவர் தக்காளிச் செடிகளின் இளந்தளிர் யாவும் நூல்போல் ஒடுங்கிச் சுருண்டிருந்தன. “விதைக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார், ஐயா” என அவர் மனம் நொந்து கூறினார். விசாரித்ததில், முதல் வாரம் பூஞ்சணத்துக்கு மருந்து தெளிப்பதற்காக அயலவரின் கருவியை இரவல் வாங்கியமை தெரியவந்தது. அயலவர் அதனால் நெல்வயலின் அகன்ற இலைக் களைகளுக்கு எம்.சி.பி.ஏ. தெளித்திருந்தார். ஒரு முறை நீர் விட்டு அலசியும் இருந்தார். அந்த ஓர் அலசல் போதாதாயிற்று. குழாயிலும் வொஷரிலும் தங்கிய மிச்சமே ஒரு போகத்துத் தக்காளியை அழித்தது. விதைக் கடைக்காரர்மீது பிழை இல்லை.

ஆதலால் களைநாசினிக்கெனத் தனிக் கருவி வைத்திருத்தலே முதல் விதி. அதன் தாங்கியில் சிவப்பு வர்ணத்தாற் பெருங்குறி இடுக. தனிக் கருவி வாங்க இயலாதவர்கள் அயலவரோடு சேர்ந்து ஒன்றை வாங்கலாம்.

ஒவ்வொரு நாள் வேலையின் முடிவிலும் தாங்கியில் இரண்டு லீற்றர் நீர் விட்டுக் குலுக்கி, அந்நீரைக் குழாய், தண்டு, நொசில் வழியே தெளித்து வெளியேற்றுக. இதனை மூன்று முறை செய்க. நடுவில் ஒருமுறை சவர்க்காரத் தூள் சிறிது சேர்க்க. கழுவிய நீரை அன்று தெளித்த பட்டையிலேயே பரவலாகத் தெளித்துவிடுக. ஓடையிலோ கிணற்றடியிலோ கருவியைக் கழுவுதல் பெருந்தவறு. பின்னர் நொசிலையும் வடியையும் கழற்றிக் கழுவி, தாங்கியைக் கவிழ்த்து நிழலில் உலர்த்துக.

வெறும் போத்தலையும் மும்முறை அலசி, அந்நீரைத் தாங்கியில் ஊற்றுக. பின்னர் போத்தலைத் துளையிட்டு வைக்க. அதில் எண்ணெயோ குடிநீரோ ஒருபோதும் வைக்கலாகாது.

9. ஆளுக்குப் பாதுகாப்பு

முழுக்கைச் சட்டை, நீண்ட காற்சட்டை, இறப்பர்ச் சப்பாத்து, கையுறை, கண்ணாடி, முகமூடி ஆகியவற்றை அணிக. காற்சட்டையைச் சப்பாத்தின் வெளியே விடுக. உள்ளே செருகினால் வழியும் மருந்து பாதத்திற் சேரும். மருந்தைக் கலக்கும் வேளையே மிக ஆபத்தானது. அப்பொழுது கையுறையைக் கழற்ற வேண்டாம். நனைந்த களையினூடே நடக்காதபடி, காற்றின் போக்குக்கேற்ப ஓரமாக நின்று தெளிக்க. வேலையின் நடுவில் வெற்றிலை, புகை, உணவு யாதும் ஆகாது.

மருந்து தோலிற் பட்டால் சவர்க்காரமும் நிறைந்த நீரும் கொண்டு கழுவுக. கண்ணிற் பட்டால் கால் மணித்தியாலம் ஓடும் நீரிற் கழுவுக. எவரேனும் விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்கச் செய்யாது, போத்தலின் சிட்டையுடன் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்க. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். மருந்தையும் கருவியையும் பூட்டிய அறையில், பிள்ளைகளுக்கு எட்டாதபடி வைக்க.

முடிவுரை

நினைவிற் கொள்ளத்தக்கவை: இடத்தை ஆராய்ந்த பின்னரே கருவியை எடுக்க. போகந்தோறும் வெளிப்பாடு, அகலம், நடை ஆகிய மூன்றையும் நீரால் அளக்க. சரிவில் வேலையெனின் சரிவிலேயே அளக்க. பத்துப் பங்கு கூடிய நொசிலை மாற்றுக. களைநாசினிக் கருவியை வேறு வேலைக்குக் கொடுக்காதீர்கள். மும்முறை கழுவுக.

ஒவ்வொரு செய்கையாளரும் தம் கருவியின் மூன்று அளவைகளையும் ஒரு சிறு அட்டையில் எழுதி, கருவி வைக்கும் அறையின் கதவில் ஒட்டிவைத்தல் நன்று. அடுத்த போகத்தில் அளக்கும்போது பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட்டால் நொசிலின் தேய்வு தானே வெளிப்படும். அளவைகளிற் சந்தேகம் எழுமாயின் கருவியை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் வருக. அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் ஆலோசனை இலக்கத்துக்கு அழைக்க. தாங்கியில் மருந்து ஊற்றுமுன் கேட்கப்படும் கேள்வியாற் கீழ்வயலும் பிழைக்கும், கைப்பணமும் மிஞ்சும்.